ஐந்தாம் ஆண்டு அழைப்பு

மதியம் மணி அடித்ததும் அந்தத் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் எல்லோருக்கும் ஒரு வழி, துணை முதல்வருக்கு ஒரு வழி. மற்ற ஆசிரியர்கள் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே பொது அறைக்குப் போவார்கள். அவர் மாடி ஏறுவார். முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, சுவரை ஒட்டி ஓர் இரும்பு அலமாரி. டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, அன்றைய கோப்பைப் பிரித்து, முதல் எண்ணை அழுத்துவார். சாப்பாடு ஆறிப்போகும். ஆறிப்போனதைச் சாப்பிட்டுப் பழகிவிட்டது அவருக்கு.

இந்த வேலையைக் கொண்டு வந்தவர் புது முதல்வர். இரண்டரை வருடத்துக்கு முன்பு, ஒரு பெரிய தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவிலிருந்து இங்கே வந்த பெண்மணி. துணை முதல்வரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். வந்த முதல் வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வகுப்பு வகுப்பாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்துவிட்டார். பாடம் முடிந்ததும் ஆசிரியரைத் தனியாகக் கூப்பிட்டு, "நாற்பது நிமிஷத்துல முப்பத்தாறு நிமிஷம் நீங்களே பேசினீங்க. பசங்க கையில ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட ஏறல" என்று மரியாதையாகச் சொல்வார். 'மாமியார் வந்துட்டாங்கய்யா' என்று பொது அறையில் முணுமுணுத்தார்கள். எந்த மாமியாரும் வகுப்புக்குள்ளே வந்து உட்கார்ந்து குறிப்பெடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

அதற்கு அடுத்து வந்ததுதான் இந்த அழைப்பு. படித்து முடித்துப் போன ஒவ்வொருவரையும் ஆறாம் மாதம் ஒரு தடவை, இரண்டாம் வருடம் ஒரு தடவை, ஐந்தாம் வருடம் ஒரு தடவை கூப்பிட்டுப் பேச வேண்டும். ஒன்பது கேள்விகள் அச்சடித்த தாள் உண்டு. கேள்வியை அச்சில் இருக்கிறபடியே படிக்க வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். மூன்று வேறு வேறு நேரங்களில் கூப்பிட்டுப் பார்க்காமல் 'கிடைக்கவில்லை' என்று எழுதக் கூடாது.

"நாம என்ன சொல்லிக் குடுத்தோம்னு நமக்குத் தெரியும். அதுல எது வேலைக்கு உதவுச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். வெட்கப்படாம கேட்டுட்டு வாங்க" என்றார் முதல்வர்.

யார் கேட்பது என்று வந்தபோது எல்லோருக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஒருத்தருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், ஒருத்தருக்குத் தொண்டைக் கட்டு, ஒருத்தருக்கு வீடு தூரம். கடைசியில் மின்சாரப் பிரிவு ஆசிரியர்தான் வாயைத் திறந்தார். நல்ல மனுஷர், ஆனால் எதை எங்கே சொல்வது என்று தெரியாது. "நம்ம சார்கிட்ட குடுங்க மேடம். அவருக்கு வீட்ல யாரும் இல்ல, நேரம் கிடக்கு."

துணை முதல்வர் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் யாரும் இல்லை என்பது உண்மைதான். ஒரே மகள். அவள் படிப்பை முடித்த கையோடு தூரத்து நகரம் ஒன்றில் வேலைக்குப் போனாள், அங்கேயே ஒருத்தனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்கு அப்பாவுக்கு அழைப்பு வந்தது, தபாலில். போனார், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, "ஒரு மூணு மாசம் இருந்துட்டு வந்துடறேங்க" என்று கிளம்பிப்போன மனைவி இன்னும் அந்த மூன்று மாதத்தை முடிக்கவில்லை. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தவறாமல் கூப்பிடுவாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஏதோ சாப்பிட்டேன். பாப்பா என்ன பண்றா?"

"வீட்டையே தலைகீழாப் புரட்டறா. இப்பதான் உங்க பொண்ணோட செருப்ப ஒளிச்சு வெச்சிட்டா."

"அவ இருக்காளா?"

"இப்பதாங்க வெளிய போனா."

எப்போது கேட்டாலும் இப்போதுதான் வெளியே போயிருப்பாள். செருப்பைக் குழந்தை ஒளித்து வைத்த பிறகும் எப்படியோ வெளியே போயிருப்பாள். மனைவிக்குப் பொய் சொல்ல வராது, பாவம். அவரும் நோண்டிக் கேட்கமாட்டார். போனை வைத்த பிறகு அந்த வீட்டில் கேட்பது குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் ஒன்றுதான்.

அழைப்பு வேலையை முதலில் கடனே என்றுதான் செய்தார். ஒரு மாதத்தில் மனுஷன் அதற்கு அடிமையாகிவிட்டார். பம்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவன் சொன்னான், "சார், வரையச் சொல்லிக் குடுத்தீங்க. அடுத்தவன் வரைஞ்சதப் படிக்கச் சொல்லிக் குடுக்கலையே. முதல் நாள் கையில ஒரு வரைபடத்தக் குடுத்தாங்க, அரை மணி நேரம் தலைகீழாப் பிடிச்சிட்டு நின்னிருக்கேன்." மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒருத்தி சொன்னாள், "மெஷின் ஏன் நின்னுச்சுன்னு மூணு வரி எழுதித் தான்னாங்க. மெஷினச் சரி பண்ணிட்டேன், மூணு வரி வரல சார்."

இதையெல்லாம் மாதக் கூட்டத்தில் அவர் அப்படியே படித்தார். அடுத்த மாதமே திங்கட்கிழமைதோறும் உண்மையான தொழிற்சாலை வரைபடம் ஒன்று வகுப்புக்கு வந்தது. பட்டறை முடிந்ததும் ஒவ்வொருவரும் அன்று என்ன கெட்டது, ஏன் கெட்டது, எப்படிச் சரியானது என்று மூன்று வரி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கையைக் கழுவ வேண்டும் என்று ஆயிற்று. முன்பெல்லாம் படித்து முடித்து ஆறு மாதத்தில் பாதிப் பேருக்குத்தான் வேலை. இப்போது நான்கில் மூன்று பேருக்கு. பொது அறையில் மாமியார் என்ற பேச்சு மெல்லக் குறைந்தது.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எதிர்முனையில் யாரோ ஒருவர் அவர் குரலை அடையாளம் கண்டு, "சார்! நீங்களா!" என்று கத்தும்போது அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஒன்பது கேள்வி முடிந்த பிறகும் அவர்கள் பேசுவார்கள். குழந்தை, மேலாளர், முதுகுவலி, வாடகை வீட்டில் ஒழுகும் குழாய். அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாளில் அவரிடம் யாராவது பேசினார்கள் என்றால் அது அந்த முக்கால் மணி நேரம்தான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வருடத்து ஐந்தாம் ஆண்டுக் கோப்பு வந்தது. மின்னணுப் பிரிவு, நாற்பத்து மூன்று பெயர், மதிப்பெண் வரிசையில். முதல் பெயர் அவர் மகளுடையது. பக்கத்தில் அவளுடைய கைபேசி எண், அலுவலகக் குமாஸ்தா எங்கோ விசாரித்து எழுதியது. பெற்ற மகளின் எண்ணை அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார்.

ஐந்து வருடத்துக்கு முன்பு நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பட்டியல் சார். தேர்வுப் பட்டியல், விடுமுறைப் பட்டியல், பட்டறைப் பட்டியல், எல்லாம் அவர் கையால்தான். மகள் அதே கல்லூரியில் சேர்ந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டார், வாசலைத் தாண்டினால் அப்பா கிடையாது, சார்தான் என்று. அவளும் மூன்று வருடம் சார் என்றே கூப்பிட்டாள். இருவரும் ஒரே வீட்டிலிருந்து பத்து நிமிட இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கிளம்புவார்கள்.

கடைசி வருடத்தில், அளவுக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்று ஆள் எடுக்க வந்தது. அதே ஊர், நடந்து போகும் தூரம், நல்ல வேலை. மதிப்பெண்படி முதல் பன்னிரண்டு பேரை நேர்முகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். முதல் ஆள் அவர் மகள். முந்தின நாள் சாயங்காலம் அவர் பட்டியலைத் தட்டச்சு செய்யக் கொடுக்கும்போது அவள் பெயரை அடித்துவிட்டு, பதின்மூன்றாவது ஆளைச் சேர்த்தார். நாளைக்கு யாரும் விரலை நீட்டிப் பேசிவிடக் கூடாது. துணை முதல்வர் தன் பெண்ணை முதலில் நுழைத்துவிட்டார் என்று ஒரு வாய் சொன்னாலும் முப்பது வருடத்து நேர்மை போய்விடும்.

மறுநாள் அவள் இஸ்திரி போட்ட உடையில், கையில் கோப்போடு, நடைபாதையில் நின்றாள். குமாஸ்தா பன்னிரண்டு பெயரையும் படித்தார். "இன்னொரு தடவை பாருங்க அண்ணா" என்றாள். அவர் பார்த்துவிட்டு, "உங்கப்பா குடுத்த பட்டியல்மா, அவரையே கேளு" என்றார். அவள் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அப்பா பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் தண்ணீர் குடித்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அடுத்த நாளும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் தூரத்து நகரத்துக்குப் போய்விட்டாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "சொந்தப் பொண்ணு பேரையே அடிச்சவன் நான்" என்று பரிந்துரை கேட்டு வரும் பெற்றோர்களிடமெல்லாம் சொல்லி வாயை அடைப்பார். மகளுக்குக் கோபம் இருக்கும், தீர்ந்துவிடும், நியாயம் ஒருநாள் புரியும் என்று நம்பினார். அவள் இடத்தில் போய் வேலை வாங்கிய பதின்மூன்றாவது ஆளை அதே கோப்பிலிருந்து கூப்பிட்டபோது அவன் சிரித்தான். "அந்த வேலையா சார்? நாலே மாசம்தான். எனக்கு ஒத்து வரல. இப்ப கோழிப் பண்ணை வெச்சிருக்கேன், நல்லா இருக்கேன்." அன்று அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை.

நாற்பத்து இரண்டு பேர் முடிந்தார்கள். முதல் பெயர் அப்படியே நின்றது. கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதல்வர் மாடிக்கு ஏறி வந்து கோப்பைப் புரட்டினார்.

"ஒண்ணு மட்டும் நிக்குதே சார்."

"பண்றேன் மேடம்."

"உங்க பொண்ணுதானே? சங்கடமா இருந்தா வேற யாராவது பேசட்டும். மின்சாரப் பிரிவு சார் பேசுவார்."

மின்சாரப் பிரிவு சார் வாயில் தன் மகள் அகப்படுவதை நினைத்ததும் அவர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேண்டாம். நானே பேசறேன்" என்றார்.

பேசுகிறேன் என்று சொன்னது சுலபமாக இருந்தது. அவருக்கு இருந்தது ஒரே பயம். கூப்பிடாதவரைக்கும், அவள் பேசியிருப்பாளோ என்னவோ என்று வைத்துக்கொள்ளலாம். கூப்பிட்டு, அவள் குரல் கேட்டதும் வைத்துவிட்டால்? அந்தத் தாளில் 'பதில் சொல்ல மறுத்தார்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அவரே தன் கையால் குறி போட வேண்டும். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எதை எதிர்பார்ப்பது?

செவ்வாய்க்கிழமை மதியம் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. புதன்கிழமை காலை வகுப்புக்கு முன்னால் கூப்பிட்டார். இரண்டு தடவை மணி அடித்து அறுந்தது. யாரோ வெட்டிவிட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம், கல்லூரி விடும் நேரம், மூன்றாவதும் கடைசியுமான தடவை.

"ஹலோ, யாரு?"

ஐந்து வருடத்தில் குரல் கொஞ்சம் கனத்திருந்தது. அவர் தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அச்சில் இருந்ததைப் படித்தார். "வணக்கம். நீங்கள் படித்த கல்லூரியிலிருந்து பேசுகிறோம். உங்களிடம் ஒன்பது கேள்விகள் கேட்க வேண்டும். இப்போது பேச உங்களுக்கு வசதிப்படுமா?"

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ ஒரு மோட்டார் ஓடி நின்றது.

"கேளுங்க சார்" என்றாள் மகள்.

வைக்கவில்லை! அவர் பேனா தாளில் ஒரு கோடு இழுத்துவிட்டது. என்னம்மா எப்படி இருக்கே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் வைத்துவிடுவாளோ என்று பயந்து அச்சையே பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

"லிஃப்ட் பராமரிப்பு. அறுபத்தி நாலு கட்டடம் என் பொறுப்பு. எனக்குக் கீழ ஆறு பேர்."

அவருக்குத் தெரியாது. லிஃப்ட் கம்பெனி என்று மனைவி சொல்லியிருந்தாள், ஏதோ அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நினைத்திருந்தார். அறுபத்து நான்கு கட்டடம் என்று எழுதினார். அவள் நிறுத்தி நிறுத்தி, எழுதுகிறவருக்கு வசதியாகச் சொன்னாள். எந்தப் பாடம் உதவியது, எது உதவவில்லை, முதல் மாதத்தில் எதற்குத் திணறினாள், எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. நல்ல பதில்கள். நாற்பத்து இரண்டு பேரில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

"ஏழாவது கேள்வி. உங்கள் வேலைக்குத் தேவைப்பட்டு, நாங்கள் சொல்லிக் கொடுக்காமல் விட்டது எது?"

"உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்டப் பேசறது." அவள் யோசிக்கவே இல்லை. "லிஃப்ட் பாதியில நின்னா உள்ள இருந்து கூப்பிடுவாங்க. நான் போய்ச் சேர இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்னா இருபத்தஞ்சுன்னு சொல்லணும். இதோ வந்துட்டேன்னு சொல்லக் கூடாது. சொல்லிட்டா மனுஷங்க தாங்கிடுவாங்க சார். என்ன நடக்குதுன்னே தெரியாம இருட்டுல நிக்க விட்டாத்தான் கதவப் போட்டு அடிப்பாங்க. புதுசா வர்ற பசங்க யாருக்கும் இது தெரியல."

எழுதினார். எட்டாவது கேள்விக்கும் பதில் வந்தது. ஒன்பதாவதைப் படிக்கும்போது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"கல்லூரி நிர்வாகத்தில் ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும் என்றால், எதை மாற்றச் சொல்வீர்கள்?"

இந்தத் தடவை அவள் யோசித்தாள்.

"பட்டியல்ல இருந்து ஒருத்தர் பேர எடுக்கலாம் சார். எடுக்கறதுக்குக் காரணம் இருக்கும். நான் அதத் தப்புன்னு சொல்லல. எடுத்தா அந்த ஆள்கிட்ட முன்னாடியே சொல்லணும். நான் அன்னிக்குக் காலையில ஒருத்தரோட ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டேன். முந்தின நாள் சாயங்காலம் நான் துணிக்கு இஸ்திரி போடறப்ப அவர் எதிர்லயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தார். நல்லா மடிப்பு விழுந்திருக்கான்னு அவரத்தான் கேட்டேன். விழுந்திருக்குன்னார். எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதறேன்."

"மெதுவா எழுதுங்க. அவ்வளவுதான் சார். ஒரு இடத்துல கூப்பிடறாங்க, போகணும்."

போன் ஓய்ந்த பிறகும் அவர் காதில் வைத்துக்கொண்டே இருந்தார். ஐந்து வருடமாக அவர் தயார் செய்து வைத்திருந்த பதில், பெயரை ஏன் அடித்தேன் என்பதற்கான பதில். அதை அவள் கேட்கவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவரிடம் பதிலே கிடையாது. சொல்லியிருந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்குத் தைரியம் இல்லை, வேறு ஒரு மண்ணும் இல்லை. இதற்குப் போய் நேர்மை என்று பெயர் வைத்துப் பெற்றோர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேனே என்று அவருக்குக் கூசியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசை விளக்கை அணைத்துவிட்டு, யாரும் இல்லாத படிகளில் இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை மாதக் கூட்டம். நீள மேசையைச் சுற்றிப் பதினாறு பேர், இரண்டு தொழிற்சாலைப் பிரதிநிதிகள். ஒன்பதாவது கேள்விக்கு வந்த பதில்களை அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். முதல் பெயருக்கு உரிய பதிலை 'பட்டியல் மாற்றங்களை முன்கூட்டியே தெரிவிக்கலாம்' என்று ஒரே வரியாகச் சுருக்கிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. இஸ்திரி, பேப்பர், மடிப்பு, எல்லாவற்றையும் அவள் சொன்னபடியே படித்தார்.

"யாருய்யா அந்தப் படுபாவி?" என்றார் மின்சாரப் பிரிவு ஆசிரியர், வழக்கம்போல யோசிக்காமல்.

"நான்தான்" என்றார் துணை முதல்வர்.

மின்சாரப் பிரிவு ஆசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. முதல்வர் மட்டும் கண்ணை நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், "சரி. என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்றார், வேறு எந்தப் பதிலுக்கும் கேட்பது போலவே. அதற்காக அவருக்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லலாம் என்று துணை முதல்வருக்குத் தோன்றியது. கால் மணி நேரத்தில் விதி எழுதியாயிற்று. எந்தப் பட்டியலிலிருந்தும் ஒரு மாணவரின் பெயரை எடுப்பவர், பட்டியல் வெளியே போகும் முன், அந்த மாணவரை நேரில் கூப்பிட்டு, காரணத்தைச் சொல்லி, அவர் சொல்லும் மறுப்பையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாணவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

தேநீர் இடைவேளையில் யாரும் அவர் பக்கத்தில் வரவில்லை. வெறுப்பு இல்லை, என்ன பேசுவது என்று தெரியவில்லை அவர்களுக்கு. அவர் கோப்பையோடு ஜன்னலோரம் நின்று, கீழே பட்டறைக்கு வெளியே பிள்ளைகள் மூன்று வரி எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

முதல்வர் கிளம்பும்போது சொன்னார், "ஒருத்தர் சொன்னத நாம செஞ்சா, செஞ்சோம்னு அவங்களுக்குத் தெரிவிக்கணும் இல்லையா சார். நம்ம வழக்கம் அதுதானே?"

"தெரிவிக்கிறேன் மேடம்."

திங்கட்கிழமை மதியம் மாடிக்குப் போனார். தெரிவிப்பதற்கு அச்சடித்த தாள் கிடையாது. அதனால்தான் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நீங்க சொன்னத விதியாப் போட்டுட்டோம்" என்று விதியை முழுவதும் படித்துக் காட்டினார்.

"கூட்டத்துல படிச்சீங்களா? நான் சொன்னத?"

"படிச்சேன். யாருன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அந்த விதி அன்னிக்கு இருந்திருந்தா, என்னக் கூப்பிட்டு என்ன சொல்லியிருப்பீங்க?" என்றாள்.

"அது..."

"இல்ல, சொல்லுங்க. அன்னிக்குச் சாயங்காலம்னு வெச்சுக்குங்க. நான் இஸ்திரி போட்டுட்டு நிக்கறேன். சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்தத் துணிய வெச்சிட்டு இப்படி உக்காரும்மா" என்றார். "நாளைக்கு நீ போக முடியாது. பட்டியல்ல உன் பேர நான் எடுத்துட்டேன். உனக்குத்தான் முதல் தகுதி, அது எனக்குத் தெரியும். என்னப் பத்தி நாலு பேர் என்ன பேசுவாங்களோன்னு எனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு உன்னத் தூக்கிக் குடுத்துட்டேன்."

"ம்."

"இப்ப நீ மறுப்பு சொல்லலாம்" என்றார். "நான் கேட்டுக்கணும்."

அவ்வளவுதான், ஆரம்பித்தாள். அணை உடைந்த மாதிரி வந்தது. "எதுக்குப்பா நான் போகக் கூடாது? மூணு வருஷம் ராவும் பகலும் படிச்சது நானா, உங்க நாலு பேரா? எந்த நாலு பேர்? பேர் சொல்லுங்க! அந்தக் குமாஸ்தா அண்ணன் என்ன ஒரு பார்வை பார்த்தார் தெரியுமா? வீட்டுக்கு வந்தா கூடத்துல உக்காந்து என்னயே பார்க்கறீங்க, நானா வந்து கேக்கணும்னு. நான் ஏன் கேக்கணும்? செஞ்சது நீங்க, நீங்க சொல்ல மாட்டீங்களா? கல்யாணத்துக்கு வந்தாரு, விருந்தாளி மாதிரி உக்காந்தாரு, போயிட்டாரு. அஞ்சு வருஷம்ப்பா! ஒரு போன் பண்ண உங்களுக்கு ஒரு தாளு வேணுமா? அது அச்சடிச்சுத் தரணுமா ஒருத்தர்?"

மணி அடித்தது. மதிய இடைவேளை முடிந்தது. கீழே வகுப்புகளுக்குப் போகிற காலடிச் சத்தம் கேட்டது. அவருக்கும் வகுப்பு இருந்தது. பழக்கத்தில் எழுந்துவிட்டார்.

"என்ன, மணி அடிக்குது? வகுப்புக்குப் போகணுமா?" என்றாள் அழுகையும் கோபமுமாக. "போறீங்களா?"

"இல்ல" என்றார் அவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து. "நீ சொல்லு."